கொதிக்க வேண்டியது தண்ணீர்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். அதையும் அதை ஒட்டிய சின்னாளபட்டி, அம்பாத்துரை, ஆத்தூர் வட்டாரத்தையும் நினைக்கும்போது டீ போடும் முறைகள் மூன்று நினைவுக்கு வருகின்றன. முதலாவது வீட்டு முறை. பாத்திரத்தில் தண்ணீர், பால், சர்க்கரை, டீத்தூள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பொங்கிப் பொங்கி அடங்கும்வரை கொதிக்க விட்டு வடிகட்டுவார்கள். இரண்டாவது டீக்கடை முறை. துணிப்பையில் தூளைப் போட்டு, பாய்லர் வெந்நீரை அதன்மேல் ஊற்றி இறக்கிய டிகாஷனைத் தனியே காய்ந்த பாலில் கலந்து ஆற்றித் தருவார்கள். மூன்றாவது இன்று ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அந்தக் காலத்து ரயில்வே சிற்றுண்டி அறைகளிலும் பயணியர் விடுதிகளிலும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்களே, அந்த டீபாட். மூக்கும் மூடியும் வைத்த பீங்கான் கெண்டி, அதில் ஊறிக்கொண்டிருக்கும் தேயிலை, பக்கத்தில் சின்னக் குவளையில் பால், கிண்ணத்தில் சர்க்கரை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டம்ளரும் பிளாஸ்டிக் கேனும் வந்த பிறகு அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. மறைந்துபோன அந்த மூன்றாவது முறைதான் தேயிலைக்கும் நம் உடம்புக்கும், காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த ஊரின் கொள்கைக்கும் பொருத்தமானது என்பது என் முடிவு. எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டீபாட்டில் போட்டும் டீயைக் கெடுக்க முடியும். குழாயிலிருந்தோ குடத்திலிருந்தோ புதிதாக எடுத்த தண்ணீரை அடுப்பில் வைக்க வேண்டும். காலையில் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் திரும்பச் சுட வைப்பது சரிவராது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் எடுத்து டீபாட்டில் ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டிவிட வேண்டும். குளிர்ந்த பீங்கான் கொதிநீரின் சூட்டை முதலில் தானே குடித்துவிடும், பிறகு இலைக்கு மிச்சம் இருக்காது. சூடேறிய பாட்டில் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் இலையைப் போட்டு, கொதி அடங்குவதற்குள் தண்ணீரை ஊற்றி மூட வேண்டும். முழு இலையானால் நான்கு அல்லது ஐந்து நிமிடம், தூளானால் இரண்டு அல்லது மூன்று நிமிடம். மூடியைத் திறந்தால் இலை விரிந்து அடியில் படிந்திருக்கும், ஆவியோடு மணம் முகத்தில் அடிக்கும், சாயம் செம்பொன் நிறத்தில் தெளிந்து பாட்டின் அடிவரை தெரியும். நேரம் ஆனதும் முழுவதையும் வடித்துவிட வேண்டும். இலையைத் தண்ணீரிலேயே கிடக்க விட்டால் இரண்டாவது கோப்பை கசந்துவிடும். பாலும் சர்க்கரையும் வேண்டுமானால் கோப்பையில் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் முறை. தேயிலையின் தரத்தைச் சோதிக்கப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1980இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 3103 என்ற விதியும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் புது நீர், மூடியுள்ள பீங்கான் பாண்டம், 6 நிமிடம். நம் நீலகிரித் தேயிலைக்கு விலை சொல்வதற்கு முன் குன்னூரில் சுவைத்துப் பார்ப்பவர்களும் இலையை ஊற வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு பொருளின் உண்மையான குணத்தை அறிய வேண்டியவர்கள் யாரும் அதைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க விடுவதில்லை.

இதற்குக் காரணம் இலையின் அமைப்பிலேயே இருக்கிறது. தேயிலையில் உள்ள மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுபவை. புத்துணர்ச்சி தரும் காஃபீன் வெந்நீரில் சட்டென்று கரைவது. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புப் பொருள்களோ நேரம் போகப் போக மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருப்பவை. ஆகவே நாம் விரும்புகிற இரண்டும் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அடுப்பில் கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மணத்தைக் குறைத்துத் துவர்ப்பைக் கூட்டுகிறது. மூடி போட்ட டீபாட்டில் மணம் உள்ளேயே தங்குகிறது, திறந்த பாத்திரத்தில் அது சமையலறைக்குப் போய்விடுகிறது. இந்த வேறுபாடு நம் மருத்துவ மரபுக்குப் புதியதல்ல. ஆயுர்வேதம் ஐந்து வகைக் கஷாயங்களைச் சொல்லும்போது, கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சும் குவாதத்தையும், வெந்நீரில் ஊற வைத்து வடிக்கும் ஃபாண்டத்தையும், குளிர்நீரில் ஊற வைக்கும் ஹிமத்தையும் தனித்தனியாக வைத்தது. கெட்டியான வேரும் பட்டையும் காய்ச்சினால்தான் சத்தை விடும், மெல்லிய இலையும் பூவும் ஊறினாலே போதும். சித்த, ஆயுர்வேத மருந்துகள் செய்யும் லட்சுமி சேவா சங்கம் காந்திகிராமத்திலேயே இருக்கிறது. இந்தக் கணக்கு இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால், கிள்ளி எடுத்த இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்பதே விடை. பட்டைக்குச் செய்ய வேண்டியதைக் கொழுந்துக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி முதல் மறுப்பு. காந்திகிராமத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு டீயைப் பற்றிப் பேசலாமா, காந்தி டீக்கு எதிரியல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1946இல் தென்னாட்டுப் பயணத்தில் காந்தியின் ரயில் நின்ற இடம் அம்பாத்துரை. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம் காந்திகிராமம். இங்கே அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். 1942 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபடி உடல்நலம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், டீ, காப்பி, கோகோ மூன்றும் உடம்புக்குத் தேவையில்லை என்கிறார். அதே இடத்தில் சீனர்களைப் பற்றியும் பேசுகிறார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால்தான் பத்திரம் என்ற நாட்டில், கொதித்த நீர் சிறிதளவு தேயிலையின்மேல் பட்டுப் பொன்னிறம் பெறுவதை அது நன்றாகக் கொதித்ததற்குச் சோதனையாக வைத்திருந்தார்கள் என்றும், அப்படித் தயாரான தேநீரால் தீங்கில்லை என்றும் எழுதுகிறார். அவர் கண்டித்தது வழக்கமாகப் போடப்படும் டீயை. காரணம், அதில் இறங்கும் டானின். தோல் பதனிடுவதற்குப் பயன்படும் பொருள் வயிற்றுக்குள் போகலாமா என்பது அவருடைய கேள்வி. திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் பச்சைத் தோல் இறுகிப் பதப்படுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட தோல் ஷாப்புகளின் ஊர் இது. இன்றைய அறிவியல்படி டீ குடித்தவர் வயிறு தோலாக இறுகிவிடாது, தேயிலையின் துவர்ப்புப் பொருளும் பட்டையின் துவர்ப்புப் பொருளும் ஒன்றல்ல. ஆனாலும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் இரண்டுக்கும் பொது. நாக்கு வறளுவதுபோல் இழுப்பது எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடிப்பதனால்தான். ஆகவே காந்தியின் கண்டனத்தைக் கூர்ந்து படித்தால் அதன் குறி கொதித்துக் கறுத்த டீயின்மேல் இருக்கிறது. பொன்னிறமாக ஊறிய தேநீருக்கு அவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

அவருடைய இன்னொரு கண்டனம் இதைவிடக் கனமானது, அதற்கு டீபாட்டால் மட்டும் பதில் சொல்ல முடியாது. 1913இல் தென்னாப்பிரிக்காவில் உடல்நலம் பற்றி குஜராத்தியில் எழுதிய தொடரில், டீயும் காப்பியும் கோகோவும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பில் விளைபவை என்று சொல்லி அவற்றை விலக்கச் சொன்னார். அந்தக் கூலிகளில் நம் மக்கள் எத்தனை பேர் என்பதை இந்த வறண்ட சமவெளி மறக்கக் கூடாது. மதுரைச் சீமையிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கும் ஆனைமலைக்கும் பலர் போனார்கள். ஆனைமலைக்குப் போனவர்களின் துயரத்தை, பி.எச். டேனியல் 1969இல் எழுதிய நாவல் இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்தபோதுதான் பலர் அறிந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. அதுவே 1976இல் டான்டீ நிறுவனமானது. இந்த வரலாற்றுக்கு முன்னால் நம்மால் செய்ய முடிந்தது, இலையை மதித்துப் பயன்படுத்துவதும் அது யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்து வாங்குவதும்தான். மலிவான தூளை அள்ளிப் போட்டு, நிறம் வரும்வரை கொதிக்க விட்டு, சர்க்கரையால் அதை மூடுகிறவருக்கு நல்ல இலையும் மோசமான இலையும் ஒன்றுதான். ஊற வைத்துக் குடிப்பவருக்கு வேறுபாடு முதல் மிடறிலேயே தெரிந்துவிடும். நல்ல பறிப்புக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால், அந்த வேறுபாட்டை உணரும் நாக்கு முதலில் வேண்டும். டான்டீயின் தேயிலையும், நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இண்ட்கோசர்வின் தேயிலையும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கின்றன. கதரை எதற்காக வாங்கச் சொன்னார்களோ அதே காரணம் இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு, டீபாட் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு என்பது. வரலாறு இதற்கு இடம் தரவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், 1391இல், மிங் வம்சத்தின் முதல் பேரரசர் அச்சில் அடித்த தேயிலைக் கட்டிகளை அரண்மனைக்குக் காணிக்கையாக அனுப்புவதை நிறுத்தி உதிரி இலையை அனுப்பச் சொன்னார். உதிரி இலையை ஊற வைக்கும் வழக்கம் அதன்பின் பரவிற்று. ஈஷிங் ஊரின் செம்மண் டீபாட்டுகள் அந்த வழக்கத்தின் பிள்ளைகள். ஆங்கிலேயர்கள் டீபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை, சீனத்திலிருந்து வாங்கினார்கள். நம் நாட்டில் 1903இல் வந்த தேயிலை வரிச் சட்டமும், 1937இல் அமைந்த தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியமும் ஊர் ஊராகச் செய்முறை காட்டி டீயைப் பரப்பியது உண்மைதான். தோட்ட முதலாளிகளின் சரக்கை விற்பதே அவர்கள் நோக்கம் என்பதும் உண்மை. ஆனால் விற்றவரின் நோக்கம் வேறு, பொருளைப் பக்குவம் செய்யும் முறை வேறு. டீபாட்டின் அடிப்படை நம் வீட்டில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. காப்பி ஃபில்டரைப் பாருங்கள். மேல் அடுக்கில் பொடி, அதன்மேல் கொதிநீர், மூடி, சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷன், பிறகு தனியே காய்ச்சிய பால். காப்பிப்பொடியைப் பாலோடு போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விட்டால் எந்த வீட்டுப் பெரியவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியும் பண்ணைக்காடும் காப்பி விளைவிக்கும் மாவட்டத்தில் பிறந்தவர்கள் காப்பிக்குக் கொடுக்கும் மரியாதையைத் தேயிலைக்கு ஏன் கொடுக்கக் கூடாது? டீக்கடை மாஸ்டரும் இதே நெறியில்தான் நிற்கிறார். டிகாஷன் தனி, பால் தனி. புதுத் தூள் போட்டு முதலில் இறக்கும் டிகாஷனில் அவர் போட்டுத் தரும் டீ, வீட்டில் கொதிக்க வைத்த டீயைவிடத் தெளிவாக இருப்பது அதனால்தான். அதே பையில் சக்கை மதியம்வரை கிடந்து, திரும்பத் திரும்ப வெந்நீர் வாங்கும்போதுதான் கெடுகிறது. டீபாட்டில் அந்த ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது மறுப்பு சுவையைப் பற்றியது. நம் ஆட்களுக்கு ‘ஸ்ட்ராங்கா’ வேண்டும், பால் வேண்டும், இஞ்சி வேண்டும், டீபாட்டில் ஊறியது வெறும் வெந்நீர் போல இருக்கும் என்பார்கள். தறியில் உட்கார்ந்து சேலை நெய்கிறவருக்கும் வயலில் நின்று வருகிறவருக்கும் அழுத்தமான டீ வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அழுத்தம் வேறு, கசப்பு வேறு என்பதை மட்டும் சொல்கிறேன். அழுத்தம் வேண்டுமானால் இலையின் அளவைக் கூட்ட வேண்டும், நேரத்தைக் கூட்டினால் கசப்புதான் கூடும். முழு இலை கிடைக்காதவர்கள் கடையில் வாங்கும் சாதாரணத் தூளையே டீபாட்டில் போடலாம். 1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சிடிசி இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிக் குருணையாக்குகிறது. அந்தக் குருணை சாயத்தை விரைவாக விடும். மூன்று நிமிடத்தில் பால் தாங்கும் கெட்டியான டிகாஷன் கிடைத்துவிடும். கொதிக்கவே தேவையில்லாத ஒரு பொருளைத்தான் நாம் கால் மணி நேரம் கொதிக்க விடுகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். பாலைச் சூடாகக் கோப்பையில் சேர்த்தால் பாலின் புரதம் துவர்ப்பை வாங்கிக்கொண்டு சுவையை மென்மையாக்கும். இஞ்சியும் ஏலமும் சுக்கும் காய்ச்சினால்தான் இறங்கும் வகை. அவற்றைத் தண்ணீரிலேயே தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரை வடித்துத் தேயிலைமேல் ஊற்றினால் இரண்டும் அதனதன் பக்குவத்தில் கிடைக்கும். பாலிலேயே கொதித்த டீயின் சுவைதான் பிடிக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதில் அவர்கள் ருசிப்பது பெரும்பாலும் சுண்டிய பாலும் சர்க்கரையும்தான், தேயிலை அங்கே நிறத்துக்கு மட்டும் வந்திருக்கிறது.

செலவு, நேரம், வசதி என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 250 கிராம் பொட்டலம் 125 கோப்பைக்கு வரும். நல்ல இலை கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் ஒரு கோப்பைக்கு என்று பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் சிறியது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுவதால் கேஸ் மிச்சம். பொங்குகிறதா என்று பாத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கவும் வேண்டாம். பீங்கான் பாட் இல்லையென்றால் மூடியுள்ள எந்தப் பீங்கான் அல்லது மெருகிட்ட மண் பாத்திரமும் ஒரு வடிகட்டியும் போதும். சமவெளி என்பதும் நமக்கு ஒரு வசதி. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், இங்கே 99 டிகிரியை நெருங்கும். கறுப்புத் தேயிலை கேட்பது இந்தச் சூட்டைத்தான். தண்ணீரில்தான் நமக்குக் குறை. இந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் போட்ட தேநீரின்மேல் எண்ணெய்போல ஓர் ஏடு படியும், பாட்டின் உட்புறம் பழுப்புக் கறை ஏறும். நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் துவர்ப்புப் பொருளும் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் ஏடு அது என்று லண்டன் ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள். ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ கிடைக்கும் வீடுகளில் அந்த ஏடு பெரிதும் குறையும். நல்ல தண்ணீர் பிடித்துவந்த குடத்தைக் குடிப்பதற்கென்று தனியே மூடி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேநீருக்கும் அந்தக் குடத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படிப் போட்டாலும் தேநீர் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதைத் தடுக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை இருக்கிறது. கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தக் கீரையின் பலனில் ஒரு பகுதி வீணாகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் தேநீர் குடிக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பசியை அடக்க வேளாவேளைக்கு டீ குடித்துச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதை எந்த டீபாட்டும் நியாயப்படுத்தாது. குறைவான துவர்ப்பு, குறைவான சர்க்கரை, நாளுக்கு இரண்டு கோப்பை என்ற அளவில் நின்றால்தான் நான் சொல்வது பொருந்தும். சர்க்கரையைத் தனியே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. கொதித்துக் கசந்த டீக்கு இரண்டு ஸ்பூன் இல்லாமல் முடியாது. ஊறிய தேநீருக்கு அரை ஸ்பூன் போதும், பழகிவிட்டால் அதுவும் தேவைப்படாது. வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் காலத்தில் இதைச் சின்ன லாபம் என்று தள்ள முடியாது.

காந்திகிராமம் கதரையும் கைத்தொழிலையும் ஆதாரக் கல்வியையும் கிராமத்துக்குக் கொண்டுபோனது ஒரு நம்பிக்கையினால்தான்: அன்றாடம் செய்யும் சிறு காரியத்தைக் காரணம் அறிந்து செய்தால் வாழ்க்கை சீராகும். டீ போடுவது அப்படிப்பட்ட அன்றாடக் காரியம்தான். அது அற்பமானது என்று விட்டுவிடுவதால்தான் நல்ல இலையையும் கேஸையும் சர்க்கரையையும் தினமும் வீணாக்குகிறோம். இந்த வட்டாரத்துக் கல்வி நிலையங்களின் விடுதிகளும் அலுவலகக் கேன்டீன்களும் பெரிய மூடி போட்ட பாண்டத்தில் நேரம் பார்த்து ஊற வைத்து, வடித்து, பாலைத் தனியே வைத்துத் தரத் தொடங்கினால், அங்கே படிக்கிற பிள்ளைகள் அந்தப் பழக்கத்தைத் தங்கள் ஊர்களுக்கு எடுத்துப் போவார்கள். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், ஒரு கடிகாரமும் ஒரு வடிகட்டியும் இருந்தால் போதும். வாசகர்களிடம் நான் கேட்பது இன்னும் எளிது. ஒரு வாரம் மட்டும் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள், தேயிலையைக் கொதிக்க விடாதீர்கள். வாரத்தின் முடிவில் சர்க்கரை டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த முறை நல்லது என்று நீங்களே தீர்மானியுங்கள்.